டார்கிட்டா, பவர் பிஐயா?

கணக்கெல்லாம் டைனமிக்ஸ் நேவிஷன் என்ற நிறுவனக் கணக்கு மென்பொருளில் இருக்கிறது, அறிக்கை பார்க்க டார்கிட், பவர் பிஐ என்ற இரண்டு தரவு அலசும் மென்பொருள்களில் எதை வாங்குவது என்று தடுமாறுகிறவர்களுக்கு இது.

டார்கிட் 1986இல் தொடங்கியது. டென்மார்க்கின் வடகோடியில் யோரிங் என்ற சிற்றூர்தான் அதன் தாய்வீடு. நேவிஷனும் டேனிஷ் மென்பொருள்தான். அதை 2002இல் மைக்ரோசாஃப்ட் வாங்கியது. நேவிஷனை விற்ற கூட்டாளி நிறுவனங்களின் துணையோடு டார்கிட்டும் வெளிநாடுகளில் கால்பதித்தது. அந்த மைக்ரோசாஃப்டே 2015இல் பவர் பிஐயோடு போட்டிக்கு வந்துவிட்டது.

செலவு
பவர் பிஐ: கணினியில் நிறுவும் டெஸ்க்டாப் பதிப்பு இலவசம். அறிக்கையை மற்றவர்களோடு பகிர ப்ரோ உரிமம் வேண்டும். 2025 ஏப்ரல் முதல் ஆளுக்கு மாதம் 14 டாலர்.
டார்கிட்: கூட்டாளியிடம் பேசித்தான் விலை.

எளிமை
டார்கிட்: விற்பனையையும் கிளையையும் இழுத்துப் போட்டால் விளக்கப்படத்தை அதுவே போட்டுத் தரும். ஆனால் பின்னால் தரவுக் கனசதுரத்தை (எண்களைப் பல கோணங்களில் பார்க்க முன்கூட்டியே அடுக்கிய தொகுப்பை) ஒருவர் ஒழுங்காகக் கட்டியிருக்க வேண்டும். அந்த வேலை சொதப்பினால் எல்லாமே சொதப்பல்.
பவர் பிஐ: ஆரம்பம் சுலபம். போன வருடத்தோடு ஒப்பிடும்போது டாக்ஸ் (DAX) என்ற அதன் சூத்திர மொழி வந்து நிற்கும். கணக்குப் பிரிவில் பலர் அங்கேதான் திணறுகிறார்கள்.

ஆள் கிடைப்பது
பவர் பிஐ தெரிந்தவர்கள் எங்கும் உண்டு. டார்கிட்டுக்குக் கூட்டாளிதான் கதி.

எழுபது எண்பது பேர் தினமும் எண் பார்க்க வேண்டும், அறிக்கைகளைத் தயார் செய்ய அலுவலகத்தில் ஆள் இல்லை, கனசதுரத்தைக் கூட்டாளி கட்டித் தருவார் என்றால் டார்கிட் நல்லது. கற்றுக்கொள்ளத் துடிக்கும் ஒருவர் அலுவலகத்தில் இருந்தால், சரி, பவர் பிஐயே போதும்.