இறங்கினால் வாங்குவதா, 25ஆம் தேதி வாங்குவதா?

என் மேசை இழுப்பறையில் ஒரு பழைய டைரி கிடக்கிறது. அதில் ஒரு பக்கத்தில் மூன்று எண்கள்: 10,500, 9,300, 8,000. மூன்றாவதை அடித்துவிட்டுப் பக்கத்தில் 7,000 என்று எழுதியிருக்கிறேன். அடித்தது 2020 மார்ச் 23, திங்கட்கிழமை காலை.

இந்த எண்கள் நிஃப்டி 50 குறியீட்டின் அளவுகள், அதாவது 50 பெரிய இந்தியக் கம்பெனிகளின் பங்கு விலைகளைச் சேர்த்துக் காட்டும் எண். அந்த ஜனவரியில் 12,400ஐத் தாண்டியிருந்த குறியீடு இறங்க ஆரம்பித்ததும், லிக்விட் ஃபண்டில் (வேண்டும்போது எடுக்கலாம் என்று பணத்தை நிறுத்திவைக்கும் ஃபண்ட்) இருந்த மூன்று லட்சத்தை மூன்றாகப் பிரித்து, ஒவ்வொரு எண் வரும்போதும் ஒரு லட்சம் போடுவது என்று திட்டம் வைத்திருந்தேன். இன்னொரு பக்கம், மாதம் 5,000 ரூபாய்க்கு ஒரு இண்டெக்ஸ் ஃபண்டில் (குறியீட்டில் உள்ள பங்குகளையே வாங்கி வைக்கும் ஃபண்ட்) எஸ்ஐபியும், அதாவது மாதத் தவணையும், ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு 25ஆம் தேதியும் வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் போய்விடும். ஆக, இரண்டு வழியையும் ஒரே நேரத்தில் ஒரே ஆள் நடந்து பார்த்த கதை இது. என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை மறைக்கப் போவதில்லை. நான் 25ஆம் தேதிக் கட்சி.

எளிய விஷயங்களை முதலில் முடித்துவிடலாம். செலவில் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டுமே அதே இண்டெக்ஸ் ஃபண்டுக்குள்தான் போகின்றன. வரியும் அதேதான்: ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து விற்றால், ஆண்டுக்கு 1.25 லட்சம் லாபத்துக்கு மேல் 12.5 சதவீதம். காத்திருக்கும் பணம் லிக்விட் ஃபண்டில் சும்மா இருக்காது, ஏதோ வட்டி மாதிரி கொஞ்சம் வரும். கணக்குப்படி பார்த்தால், சரியான நாளில் மொத்தமாகப் போடுகிறவன் மாதாமாதம் போடுகிறவனை ஜெயிப்பான். இதில் சண்டையே இல்லை.

சண்டை, அந்தச் சரியான நாளில் பொத்தானை அமுக்கப் போகிறவன் யார் என்பதில்தான்.

மார்ச் 9ஆம் தேதி நிஃப்டி 10,500க்குக் கீழே வந்தது. முதல் லட்சத்தைப் போட்டேன். பெருமையாகத்தான் இருந்தது. 12ஆம் தேதி ஒரே நாளில் 8 சதவீதத்துக்கு மேல் இறங்கி 9,590இல் முடிந்தது. 13ஆம் தேதி காலை 10 சதவீதச் சரிவில் சர்க்யூட் விழுந்து வர்த்தகத்தையே நிறுத்தினார்கள், ஆனால் அன்று மாலைக்குள் ஏறிவிட்டது. 16ஆம் தேதி மறுபடி 9,300 வந்தது. வந்ததைப் பார்த்தேன். தொலைக்காட்சியில் இத்தாலியின் மருத்துவமனைகளைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். "நாளைக்கு இன்னும் மலிவாகக் கிடைக்கும்" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, வாங்காமல் மூடினேன். அது உண்மையாகவும் ஆனது, அதுதான் வினை. ஒரு தடவை தள்ளிப்போட்டதற்குப் பரிசு கிடைத்துவிட்டால் மறுபடி தள்ளிப்போடத்தான் தோன்றும்.

23ஆம் தேதி சந்தை திறந்ததே 8,000க்குக் கீழே. டைரியில் எழுதிய விலை வரவேண்டும் என்று காத்திருக்கக்கூட வேண்டியதில்லை, வாசலிலேயே நின்றது. ஒரு மணி நேரத்துக்குள் மறுபடியும் 10 சதவீதம், மறுபடியும் சர்க்யூட், 45 நிமிடம் வர்த்தகம் நிறுத்தம். அந்த 45 நிமிடத்தில்தான் பேனாவை எடுத்து 8,000ஐ அடித்து 7,000 ஆக்கினேன். அன்று நிஃப்டி 13 சதவீதம் விழுந்து 7,610இல் முடிந்தது. மறுநாள் இடையில் 7,511 வரை போனது. 7,000 வரவே இல்லை.

இதில் கவனிக்க வேண்டியது, நான் பயந்து விற்றவன் இல்லை. பணம் இருந்தது, திட்டம் இருந்தது, எழுத்திலேயே இருந்தது. விலை வந்ததும் திட்டத்தைத் திருத்தினேன், அவ்வளவுதான். திருத்தும்போது அது பயம் மாதிரியே தெரியவில்லை, கணக்கு மாதிரி தெரிந்தது. ஊரடங்கு வந்தால் கம்பெனிகளின் லாபம் என்ன ஆகும் என்றெல்லாம் நியாயமான காரணங்கள் வைத்திருந்தேன்.

ஆடித் தள்ளுபடி உவமையை எல்லோரும் சொல்லிவிட்டார்கள்: புடவை விலை குறைந்தால் ஓடுகிறோம், பங்கு விலை குறைந்தால் ஏன் ஒதுங்குகிறோம் என்று. எனக்கு அந்த உவமை அரைகுறையாகவே படுகிறது. ஆடியில் கடைக்காரர் விலை குறைக்கும்போது நம் பீரோவில் இருக்கும் புடவைகளுக்கு யாரும் விலை ஒட்டுவதில்லை. சந்தையில் தள்ளுபடி விழும் அதே நிமிடம், ஏற்கனவே வாங்கி வைத்ததும் சேர்ந்து குறைந்து, திரையில் சிவப்பாகக் கண்ணைக் குத்துகிறது. என் அம்மா பவுன் விலை இறங்கியிருக்கிறது என்று காதில் விழுந்தால் போதும், சீட்டுப் பணத்தை எடுத்துக்கொண்டு நகைக்கடைக்குக் கிளம்பிவிடுவார். அவர் கழுத்தில் கிடக்கும் சங்கிலி இன்று எவ்வளவு நட்டம் என்று எந்த ஆப்பும் அவருக்குக் காட்டுவதில்லை.

உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979இல் இதைக் கோட்பாடாகவே எழுதினார்கள். பின்னால் அளந்து பார்த்தபோது, இழப்பு தரும் வலி அதே அளவு லாபம் தரும் சந்தோஷத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று வந்தது. இறங்கும்போது வாங்குகிறவன் அந்த இரட்டை வலிக்கு நடுவில் உட்கார்ந்துதான் புதிதாக ஒரு முடிவெடுக்க வேண்டியிருக்கிறது, அதுவும் ஒரு தடவையோடு போவதில்லை. எங்கே ஆரம்பிப்பது, எவ்வளவு போடுவது, அடுத்த படி எது, இன்னும் இறங்கினால் என்ன என்று வரிசையாக வரும்.

எஸ்ஐபி என்ன செய்தது? மார்ச் 25 அன்று நிஃப்டி 8,318இல் முடிந்தது. அன்று என் 5,000 ரூபாய் போயிருந்தது. அடிமட்டத்துக்கு இரண்டே நாள் தள்ளி. ஏப்ரலிலும் மேயிலும் 9,000 சொச்சத்தில் வாங்கியது. இதை என் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். அதையும் நிறுத்தப் பார்த்தவன்தான் நான். நிறுத்தும் பக்கத்தைத் திறந்தால், கோரிக்கை நடைமுறைக்கு வர நாளாகும், அடுத்த தவணை எப்படியும் போய்விடும் என்றிருந்தது. சரி, போகட்டும் என்று மூடிவிட்டேன். என் சோம்பல்தான் எனக்கு அந்த வருடம் கிடைத்த நல்ல ஆலோசகர்.

5,000 ரூபாயை 8,318இல் போட்டதால் யாரும் பணக்காரர் ஆகிவிடுவதில்லை, அதையும் சொல்ல வேண்டும். போடாமல் விட்ட இரண்டு லட்சத்துக்கு முன்னால் அது தூசு. ஆனால் அந்த இரண்டு லட்சம் காகிதத்தில் வாங்கியது. 5,000 நிஜத்தில் வாங்கியது.

என் மச்சானை நியாயமாகச் சொல்ல வேண்டும். மனைவியின் அண்ணன், இறக்கத்தில் வாங்கும் கட்சியின் நிரந்தர உறுப்பினர். அவர் கை நடுங்கவில்லை. 24ஆம் தேதி மொத்தமாக இறங்கி வாங்கினார், நிஃப்டி 7,800ஐ ஒட்டி நின்ற நாள். ஏப்ரல் கடைசியில் 9,860 வந்ததும் விற்றார். ஐந்தே வாரத்தில் 25 சதவீதத்துக்கு மேல். ஃபோனில், "மாப்ளே, இது சும்மா எழும்பி விழறது. மறுபடி எட்டாயிரம் வரும், அப்ப ரெண்டு மடங்கா போடறேன்" என்றார். மேயில் 8,800 வரை வந்து திரும்பியது. நவம்பரில் ஜனவரி உச்சத்தையே தாண்டிவிட்டது. வாங்கும் முடிவைச் சரியாக எடுத்தவர், விற்கும் முடிவிலும் திரும்ப நுழையும் முடிவிலும் மாட்டிக்கொண்டார்.

காத்திருப்பின் விலை என்ன என்பதை இதைவிடத் தெளிவாக ஒரு கணக்கு காட்டும். 2020 நவம்பரில் ஒருவர், "உச்சத்திலிருந்து 20 சதவீதம் இறங்கினால் வாங்குவேன்" என்று உறுதி எடுத்துக்கொண்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்டால் நிதானமான ஆள் என்றுதான் தோன்றும். 2021 அக்டோபரில் 18,604 தொட்ட நிஃப்டி, 2022 ஜூனில் 15,183 வரை வந்தது, 18 சதவீத இறக்கம். 2024 செப்டம்பரில் 26,277 தொட்டது, 2025 ஏப்ரல் 7 அன்று 21,743 வரை வந்தது, 17 சதவீதம். 2024 ஜூன் 4 தேர்தல் முடிவு நாளில் ஒரே நாளில் 6 சதவீதம் ஆடியதுகூட அவர் எல்லைக்குப் பக்கத்தில் வரவில்லை. நாலரை வருடம் கதவருகே நின்று ஒரு தடவைகூட உள்ளே போகவில்லை. அவர் காத்திருக்க ஆரம்பித்தபோது குறியீடு 12,700ஐச் சுற்றி இருந்தது. 2025 ஏப்ரலின் அந்தப் பெரிய பயத்தில் தொட்ட அடிமட்டமே அதைவிட 70 சதவீதம் மேலே.

பத்து சதவீதம் என்று வைத்திருந்தால் வாய்ப்பு வந்திருக்குமே என்று கேட்கலாம். வந்திருக்கும். ஆனால் எந்த எண்ணை வைப்பது என்பது முடிந்தபிறகுதானே தெரிகிறது?

மூன்றாவதாக ஒரு வழி உண்டு. நம்மூரில் "இறங்கும்போது வாங்குகிறேன்" என்பவர்களில் நிறையப் பேர் உண்மையில் செய்வது இதுதான்: கையில் இருக்கும் ஒரே பங்கை, விழ விழ ஆவரேஜ் செய்வது, அதாவது மேலும் வாங்கிச் சராசரி விலையைக் குறைப்பது. இதை நான் மேலே சொன்ன இரண்டோடும் ஒரே தட்டில் வைக்க மாட்டேன். குறியீடு இறங்கினால் 50 கம்பெனிகள் சேர்ந்து இறங்குகின்றன, ஒன்று செத்தால் வேறொன்றை உள்ளே கொண்டுவந்துவிடுவார்கள். தனிப் பங்கு இறங்கினால் மாற்று ஆள் கிடையாது. 400 ரூபாயில் 100 பங்கு, 200இல் இன்னொரு 100 வாங்கினால் திரையில் சராசரி 300 என்று மாறும். நட்டம் குறைந்த மாதிரி ஒரு நிம்மதி. உண்மையில் நடந்தது, 40,000 மாட்டியிருந்த இடத்தில் இப்போது 60,000 மாட்டியிருக்கிறது. நானும் ஒரு நிதி நிறுவனப் பங்கில் நான்கு தடவை இப்படி நிம்மதி அடைந்தேன். பெயர் வேண்டாம். ஐந்தாவது தடவைக்கு வாங்க அந்தப் பங்கு சந்தையில் இல்லை.

ஊரறிந்த உதாரணம் யெஸ் வங்கி. 2018 ஆகஸ்டில் 400 ரூபாய்க்குப் பக்கத்தில் இருந்தது. 2020 மார்ச் 5 அன்று ரிசர்வ் வங்கி தடை விதித்து, ஒருவர் 50,000க்கு மேல் எடுக்க முடியாது என்றது. மறுநாள் பங்கு ஒற்றை இலக்கத்தைத் தொட்டது. பிறகு வந்த மீட்புத் திட்டத்தில், 100 பங்குக்கு மேல் வைத்திருந்தவர்களின் பங்குகளில் 75 சதவீதத்தை மூன்று வருடம் விற்க முடியாமல் பூட்டிவிட்டார்கள். 300லும் 200லும் 100லும் ஆவரேஜ் செய்தவர்கள் சராசரியைக் குறைத்தார்கள், பூட்டில் சிக்கும் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டார்கள்.

என் பக்கத்துக் குறைகளுக்கு வருகிறேன். முதலாவது, மொத்தமாக ஒரு தொகை கையில் வந்தவருக்கு, நிலம் விற்ற பணமோ ஓய்வூதியப் பணமோ, எஸ்ஐபி தானாகவே சரியான விடை ஆகிவிடாது. ஏறும் சந்தையில் அதைத் துண்டு துண்டாகப் போடுவதும் ஒரு வகைக் காத்திருப்புதான். எனக்கு அப்படி ஒரு தொகை வந்ததில்லை, அதனால் அதில் வாயைக் கொடுக்க மாட்டேன். இரண்டாவது, என்னைக் காப்பாற்றிய அந்தச் சோம்பல் வேலி இப்போது மெலிந்துவிட்டது. இன்று எஸ்ஐபியைக் கைபேசியிலேயே நிறுத்திவிடலாம், முன்பு மாதிரி இழுப்பதில்லை. 2020இல் இப்படி இருந்திருந்தால் நான் நிறுத்தியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

மூன்றாவது, இதுதான் பெரியது. நான் பணம் போட்டுப் பார்த்த இறக்கங்கள் எல்லாம் சீக்கிரம் எழுந்தவை. 2008 ஜனவரியில் 6,288இல் முடிந்த நிஃப்டி, அக்டோபரில் 2,253 வரை போனது. பழைய உச்சத்தை 2010 தீபாவளிக்கு எட்டிப்பார்த்துவிட்டு மறுபடி விழுந்தது, நிலையாகத் தாண்டியது 2014இல்தான். ஜப்பானின் நிக்கேய் குறியீடு 1989 டிசம்பரில் தொட்ட உச்சத்தைத் திரும்பப் பார்க்க 2024 பிப்ரவரி ஆனது. அப்படி ஒரு பாலைவனத்தில் பத்து வருடம் 25ஆம் தேதி தவறாமல் பணம் போக, சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தால் நான் என்ன ஆவேன் என்று எனக்குத் தெரியாது.

இப்போது செய்வது இவ்வளவுதான். எஸ்ஐபி ஓடுகிறது, தொகையைக் கூட்டியிருக்கிறேன். இறக்கத்தில் வாங்கும் ஆசை முழுக்கப் போகவில்லை. அதனால் அதற்கு ஒரு சின்ன ஒதுக்கீடு: உச்சத்திலிருந்து 10 சதவீதம் இறங்கினால் ஒரு மாதத் தவணை கூடுதல், 15க்கு இன்னொன்று. 2024 நவம்பரில் முதலாவது, 2025 பிப்ரவரிக் கடைசியில் இரண்டாவது போட்டேன். திருத்தவில்லை. தொகை சின்னது, அதனால் கை நடுங்கவில்லை. 38 சதவீத இறக்கத்தில் மூன்று லட்சத்தோடு மறுபடி உட்கார வைத்தால் பேனாவைத் தொட மாட்டேன் என்று சத்தியம் செய்ய முடியாது.

மச்சானின் பணம் இன்னும் லிக்விட் ஃபண்டில்தான் இருக்கிறது. போன பொங்கலுக்கு வந்திருந்தபோது, "எட்டாயிரம் வந்துச்சா மச்சான்?" என்று கேட்டேன். கரும்பைக் கடித்தபடி, "இப்ப எட்டாயிரம் கேக்கல மாப்ளே, பதினெட்டாயிரம் வரட்டும், போதும்" என்றார்.