பனிக்காலத்துக்கு இறங்கிப் போக எந்த ஊர்: கோத்தகிரியா, கூடலூரா, கோவையா, மேட்டுப்பாளையமா?

ஊட்டியில் நவம்பரில் நீர்ப்பனி விழும். டிசம்பரில் அது உறைபனியாகிவிடும். தாவரவியல் பூங்காவில் பனி படாமல் இருக்க, கோத்தகிரி மிலார் என்ற செடியை வெட்டிவந்து மற்ற செடிகளை மூட ஆரம்பிக்கும்போது எங்கள் வீட்டில் அம்மாவுக்கு இரண்டாவது ஸ்வெட்டர் ஏறியிருக்கும். அம்மாவுக்கு 76 வயது. மூட்டுவலி, கூடவே வீசிங். காலையில் காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து விரல்களைச் சூடுபண்ணிக்கொண்ட பிறகுதான் ஸ்வெட்டர் பட்டனைப் போட முடியும். மூன்று வருடங்களுக்கு முன்னால் டாக்டர், “பனி முடியும்வரை அம்மாவைக் கீழே எங்காவது வச்சுக்குங்க” என்றார். அதிலிருந்து டிசம்பர் பாதி முதல் பிப்ரவரி கடைசிவரை, கட்டிலும் அடுப்பும் உள்ள ஒரு வீட்டைத் தேடிப் பிடிப்பது எங்களுக்கு வருடாந்திர வேலையாகிவிட்டது. இதே தேடலில் இருக்கும் மலைக்காரர்களுக்கு உதவட்டும் என்று, பார்த்ததையும் பட்டதையும் எழுதுகிறேன்.

முதலில் இறங்காமலே சமாளிக்கத்தான் பார்த்தோம். 2 கிலோவாட் ரூம் ஹீட்டரை ராத்திரி 5 மணி நேரம் போட்டால் 10 யூனிட். கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதால் ஹீட்டர் கணக்கே 600 யூனிட் ஆகிறது. 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் முதல் படிகளுக்கு உள்ள குறைந்த கட்டணமும் கைநழுவிப் போகும். பில்லைக்கூடக் கட்டிவிடலாம், ஆனால் ஹீட்டர் அறைக் காற்றைக் காயவைத்ததில் அம்மாவுக்கு இருமல் கூடிப்போனது. அடுப்புக்கரியை இரும்புச் சட்டியில் மூட்டி அறைக்குள் வைக்கும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். மூடிய அறையில் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு மணமில்லாமல் ஆளைக் கொல்லும். நம் மலையிலேயே அப்படி உயிர்கள் போயிருக்கின்றன.

வெளியூர் போகவே முடியாதவர்கள் ஊட்டிக்குள்ளேயே மேட்டு வீடாகப் பார்க்கலாம். ராத்திரியில் குளிர்ந்த காற்று கனத்துப் பள்ளத்தில் இறங்கித் தேங்குவதால்தான் தலைகுந்தா மாதிரி இடங்களில் புல் வெளுத்துக் கிடக்கிறது. சரிவில், கிழக்கு பார்த்த வீட்டுக்குக் காலை வெயில் சீக்கிரம் வந்துவிடும்.

இறங்குவது என்று முடிவானால் உயரக் கணக்குதான் முதலில். 1,000 மீட்டர் இறங்கினால் ஏறக்குறைய 6 டிகிரி வெப்பம் கூடும். ஊட்டி 2,240 மீட்டர். கோத்தகிரி 1,800க்குப் பக்கம், கூடலூர் 1,000 சொச்சம், கோவை 400 சொச்சம், மேட்டுப்பாளையம் 300 சொச்சம். அப்படிப் பார்த்தால் கோத்தகிரியில் கிடைப்பது 3 டிகிரிக்குள்தான். கூடலூரில் 7, கீழே போனால் 11, 12.

இந்தக் கணக்கைப் போடாமல் முதல் வருடம் கோத்தகிரிக்குப் போனோம். ஊட்டியிலிருந்து 30 கிலோமீட்டர், சொந்தக்காரர்கள் பக்கம், உறைபனி குறைவு. இதெல்லாம் உண்மைதான். ஆனால் நீலகிரியின் கிழக்குச் சரிவுக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. 2009 நவம்பரில் குன்னூர், கோத்தகிரி பக்கம் மண் சரிந்து எத்தனை பேர் போனார்கள் என்பதை நாம் யாரும் மறக்கவில்லை. டிசம்பர் முதல் பாதியிலும் மேகம் வீட்டு வாசலில் வந்து நிற்கும். நாங்கள் எடுத்த காட்டேஜில் சோபா, டிவி, மைக்ரோவேவ் எல்லாம் இருந்தன. முதல் ராத்திரி அம்மா படுக்கவில்லை, உட்கார்ந்தே இருந்தார். காலையில் மெத்தைக்கு அடியில் கையை விட்டுப் பார்த்தேன். பலகையோடு ஒட்டிய பக்கம் ஈரமாக, பூசணம் பூத்துக் கிடந்தது. மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த அறை, மேலே மட்டும் புது விரிப்பு. அப்போதிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் மெத்தையைத் தூக்கி முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாடகை பேசுகிறேன். போதாக்குறைக்கு கிறிஸ்துமஸ் வாரத்தில் வீட்டுக்காரர், டூரிஸ்ட்டுக்குத் தினவாடகை நல்லதாகக் கிடைக்கிறது, பத்து நாள் காலிசெய்து தர முடியுமா என்று கேட்டார். வயதான ஆளை எங்கே கூட்டிக்கொண்டு போவது? சீசன் வாடகையில் பழகிய வீடுகளை நீண்ட நாளுக்கு எடுத்தால் இந்த ஆபத்து எப்போதும் உண்டு. எழுத்தில் வாங்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

கூடலூரைப் பார்த்தோம், எடுக்கவில்லை. தட்பவெப்பத்துக்கு மட்டும் மார்க் போட்டால் அதுதான் முதலிடம். தென்மேற்குப் பருவமழையில் கொட்டித் தீர்த்துவிட்டு, டிசம்பர் முதல் காய்ந்து கிடக்கும். பகலில் இதமான வெயில், ராத்திரி ஒரு கம்பளி போதும், கீழ்நாட்டுப் புழுக்கம் இல்லை. சிக்கல் வேறு இடத்தில். ஜென்மி நிலம், அதாவது பழைய ஜமீன் மாதிரியான நிலவுடைமை, பற்றிய பிரச்சினை அதை ஒழிக்க வந்த 1969 சட்டத்திலிருந்து இழுத்துக்கொண்டே வருவதால் பட்டா இல்லாத வீடுகள் அங்கே ஏராளம். கரண்ட் இணைப்பே கிடைக்காத வீடுகளும் உண்டு. பக்கத்து வீட்டிலிருந்து வயர் இழுத்திருந்தால் கீசரும் நெபுலைசரும் என்ன ஆவது? வீட்டுக்காரர் பெயரில் உள்ள மின் அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். இன்னொன்று யானை. நாங்கள் பார்த்த இரண்டு வீடுகளும் தேயிலைத் தோட்டத்தை ஒட்டி இருந்தன, இருட்டிய பிறகு வெளியே வர வேண்டாம் என்று அவர்களே சொன்னார்கள். ராத்திரி வீசிங் வந்தால் கிளம்பியே ஆகவேண்டிய எங்களுக்கு அது ஒத்துவரவில்லை. உடம்பு திடமாக உள்ளவர்கள், டவுனுக்குள்ளேயே வீடு கிடைத்தால், தாராளமாக எடுக்கலாம்.

இரண்டாவது வருடம் கோவை. சர்வீஸ் அபார்ட்மென்ட்டுக்கு மாதம் 38,000 கேட்டார்கள், ஜிஎஸ்டி தனி. அதை விட்டுவிட்டு, வெளிநாட்டில் இருக்கும் ஒருவரின் ஃபர்னிஷ்டு ஃபிளாட்டை 24,000க்கு எடுத்தோம், மெயின்டனன்ஸ் சேர்த்து. லிஃப்ட், ஜெனரேட்டர், வெஸ்டர்ன் டாய்லெட், பத்து நிமிடத்தில் ஆஸ்பத்திரி. வசதியில் ஒரு குறையும் சொல்ல முடியாது. இருதய நோயாளி, டயாலிசிஸ் செய்துகொள்பவர் வீட்டில் இருந்தால் வேறு யோசனையே வேண்டாம், கோவைதான். ஆனால் அம்மா நாலாவது மாடி பால்கனியில் உட்கார்ந்து கீழே போகும் வண்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார். எதிர் ஃபிளாட்டில் எல்லாரும் வேலைக்குப் போகிறவர்கள். ஜனவரி பாதியில் “பனியானாலும் பரவாயில்லை, வீட்டுக்குப் போகலாம்” என்று ஆரம்பித்தார். விரல் வீக்கம் குறைந்திருந்தது, பேச்சும் குறைந்திருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் வாசல் உள்ள வீடு வேண்டும் என்று எனக்குப் புரிந்தது.

போன வருடம் மேட்டுப்பாளையம். காரமடை ரோட்டை ஒட்டி ஒரு தெருவில், வீட்டுக்காரம்மா கீழே பாதியில் இருக்க, மீதிப் பாதி எங்களுக்கு. மாதம் 13,000, இரண்டு மாத அட்வான்ஸ். சாமான் என்று பார்த்தால் கோத்தகிரி காட்டேஜில் பாதிகூட இல்லை: இரண்டு கட்டில், பீரோ, ஃபிரிட்ஜ், இரட்டை அடுப்பு, கொஞ்சம் பாத்திரம். ஆனால் மெத்தை காய்ந்திருந்தது. வாசலில் இரண்டே படி. கட்டில் மட்டும் தாழ்வாக இருந்தது, நாலு காலுக்கும் செங்கல் வைத்து உயர்த்தினோம். கேஸுக்கு இணைப்பு மாற்றிக்கொண்டு அலையாமல், அடையாள அட்டையைக் காட்டி 5 கிலோ சிலிண்டர் வாங்கிக்கொண்டோம்.

ஊட்டி வீட்டையும் பூட்டிவைத்துவிட்டு மறந்துவிட முடியாது. கரடி கதவைத் தள்ளியிருக்கிறதா, குழாய் வெடித்திருக்கிறதா என்று பத்து நாளுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். பொங்கல் தொகுப்புக்கும் நம் ரேஷன் கடைக்கே வரவேண்டும். இதற்கெல்லாம் மேட்டுப்பாளையம்தான் தோது. 50 கிலோமீட்டர் சொச்சம், அடிக்கடி பஸ், மலையில் ஒரு பாதை அடைபட்டால் இன்னொரு பாதை. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கோவை ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இது குறைதான், மறைக்க மாட்டேன். அதனால் நெபுலைசரையும் மருந்தையும் கையோடு வைத்திருந்தோம், ஆம்புலன்ஸ் நம்பர் சுவரில் ஒட்டியிருந்தது. அடுத்த தொல்லை கொசு. மலையில் பழகாத நமக்கு முதல் வாரம் நரகம். ஜன்னலுக்கு வலை அடித்திருக்கிறதா என்று பார்க்காமல் வீடு எடுக்காதீர்கள். போர் தண்ணீர் உப்பு, குடிக்க வேறு தண்ணீர் பிடிக்க வேண்டும். பிப்ரவரி கடைசியில் மத்தியானம் தகிக்க ஆரம்பித்துவிடும், அதற்கு மேல் ஒப்பந்தத்தை நீட்டாமல் இருப்பது நல்லது.

மூன்று மாதத்துக்கு மட்டும் என்றால் பல வீட்டுக்காரர்கள் தயங்குவார்கள். நாங்கள் இரண்டு மாத வாடகையை முன்கூட்டியே தருகிறோம் என்றதும் இறங்கிவந்தார்கள். சின்ன காலம்தானே என்று வாய்ப்பேச்சில் விடவேண்டாம். 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழக வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை ஆணையத்தில் பதியவும் வேண்டும். சாமான் பட்டியலை அதிலேயே சேர்த்துவிடுங்கள். சாவி வாங்கும் நாளில் மீட்டர் ரீடிங்கையும் ஒவ்வொரு அறையையும் போனில் படம் எடுத்து வீட்டுக்காரருக்கே அனுப்பிவிடுங்கள். காலிசெய்யும்போது அட்வான்ஸ் சண்டை வராது.

இந்த வருடமும் அதே வீட்டுக்குச் சொல்லிவைத்திருக்கிறோம். “அம்மாவை விட்டுட்டுப் போ கண்ணு, நான் பார்த்துக்கறேன்” என்று வீட்டுக்காரம்மா போனிலேயே சொல்லிவிட்டார். போன தடவை இரண்டாவது வாரத்தில் ஒரு நாள் காலை ஆறரைக்கு நான் எழுந்து வந்தபோது இரண்டு பேரும் வாசல்படியில் உட்கார்ந்திருந்தார்கள். வேலியோரம் பறித்த டிசம்பர் பூ முறத்தில் குவிந்திருந்தது. அம்மா வாழைநாரை நனைத்து, இரண்டு பூவை இந்தப் பக்கமும் இரண்டு பூவை அந்தப் பக்கமும் வைத்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். முழம் முடிகிற வரைக்கும் விரல் நிற்கவில்லை. பக்கத்தில் காபி ஆறிப்போயிருந்தது.