டிசி சர்வோ மோட்டாரும் அனலாக் டேக்கோவும்: நெடுநாள் பயன்பாட்டில் தெரிந்துகொண்டவை

கோவையில் பம்ப்செட் உதிரிபாகங்களைக் கடைந்து தயாரிக்கும் ஒரு பட்டறையில், 1980களில் தயாரான இரண்டு சிஎன்சி (கணினிக் கட்டுப்பாட்டில் ஓடும்) லேத்துகளின் பராமரிப்பு நெடுங்காலமாக என் பொறுப்பில் இருக்கிறது. இரண்டிலும் அச்சுகளை நகர்த்துபவை டிசி சர்வோ மோட்டார்கள். அவற்றின் பின்முனையில், அதே ஷாஃப்டின் மேல், வேகத்தை அளந்து, மோட்டாருக்கு மின்சாரம் தந்து கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டியான டிரைவுக்குச் சொல்லும் அனலாக் டேக்கோ அமர்ந்திருக்கிறது. மோட்டார் முரட்டு உழைப்பாளி, டேக்கோ நோஞ்சான் என்பதே இத்தனை காலத்தில் நான் வந்தடைந்த முடிவு. டேக்கோ கெடும்போது பழி பெரும்பாலும் டிரைவின் மேலோ, மோட்டாரின் சுழற்சியை நேர் நகர்வாக மாற்றும் பால் ஸ்க்ரூவின் மேலோதான் விழுகிறது.

டேக்கோ என்பது நிலைக்காந்தம் பொருத்திய ஒரு சிறிய டிசி ஜெனரேட்டர்தான். எங்கள் மோட்டார்களில் 1000 ஆர்பிஎம்முக்கு 7 வோல்ட் தரும் வகை உள்ளது. இயந்திரத்தின் கணினியான கண்ட்ரோலரிலிருந்து வரும் ±10 வோல்ட் கட்டளையோடு இந்த வோல்டேஜை ஒப்பிட்டு, வித்தியாசத்துக்கு ஏற்ப டிரைவ் மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைக்கிறது. கேட்க எளிதாக இருந்தாலும் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் நிலைமை புரியும். வேலைப்பொருளைச் சுழற்றும் ஸ்பிண்டில் 800 ஆர்பிஎம்மில் சுற்ற, சுற்றுக்கு 0.1 மி.மீ. ஃபீடில் ஃபினிஷிங் கட் எடுக்கிறோம் என்றால், நிமிடத்துக்கு 80 மி.மீ. நகர்வு, 10 மி.மீ. பிட்ச் கொண்ட பால் ஸ்க்ரூ மோட்டாரோடு நேரடியாக இணைந்திருந்தால் அது 8 ஆர்பிஎம், அதாவது டேக்கோவிலிருந்து வருவது வெறும் 56 மில்லிவோல்ட். இதில் ஐந்தாறு மில்லிவோல்ட் தாவினாலே வேகம் பத்தில் ஒரு பங்கு தடுமாறும். முகப்புப் பரப்பில் சீரான இடைவெளியில் கோடுகள் விழும். ஆபரேட்டர் வெட்டுமுனையான இன்சர்ட்டை மாற்றிப் பார்ப்பார், ஃபிட்டர் சறுக்குப் பகுதியின் தளர்ச்சியை நீக்கும் கிப்பை இறுக்கிப் பார்ப்பார், கோடுகள் அப்படியே இருக்கும்.

மோட்டாரின் பிரஷ்கள் (சுழலும் பகுதியோடு உரசி மின்சாரம் கடத்தும் கரித்துண்டுகள்) வழியே பல ஆம்பியர் ஓடுவதால், அவை உரசும் செம்புத் துண்டுகளாலான கம்யூட்டேட்டரில் படியும் மெல்லிய எண்ணெய்ப் படலத்தை அவை பொருட்படுத்துவதில்லை. டேக்கோவின் பிரஷ்கள் வழியே ஓடுவதோ மில்லியாம்பியர் அளவுக்கும் குறைவு. அந்தப் படலத்தைத் துளைக்கும் வலு அதற்குக் கிடையாது. இது போதாதென்று, பெரிய பிரஷ்கள் தேய்ந்து உதிர்க்கும் கரித்தூள், இரண்டும் ஒரே கூட்டுக்குள் இருப்பதால், நேராக டேக்கோவின் மேல்தான் போய்ப் படிகிறது. பின்மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தால், கம்யூட்டேட்டரின் செம்புத் துண்டுகளான செக்மெண்டுகளுக்கு இடையே உள்ள நுண்ணிய பள்ளங்கள் கறுப்பாக நிரம்பியிருப்பதைக் காணலாம். பக்கத்துப் பக்கத்துச் செக்மெண்டுகளை அந்தத் தூள் இணைத்துவிட்டால், ஒவ்வொரு சுற்றிலும் ஒரு குழி விழுந்த அலைவடிவம்தான் டிரைவுக்குப் போகும்.

சோதிப்பதற்கு விலை உயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. பவரை நிறுத்தி, டேக்கோ வயர்களை டிரைவிலிருந்து கழற்றி, முள் வைத்த பழைய மல்டிமீட்டரை மாட்டி, பால் ஸ்க்ரூவைக் கையால் நிதானமாகச் சுற்றினால் போதும். முள் ஓரிடத்தில் திடீரென விழுந்து எழுந்தால் சந்தேகம் தீர்ந்தது. டிஜிட்டல் மீட்டர் இதைச் சரியாகக் காட்டாது. ஆசிலோஸ்கோப் இருந்தால் இன்னும் தெளிவு. கம்யூட்டேட்டரால் வரும் சீரான சிற்றலை இயல்பானது, இடையிடையே தோன்றும் ஊசிமுனைகள்தான் நோயின் அடையாளம்.

சுத்தம் செய்யும்போது கம்ப்ரஸர் காற்றை அடிப்பதை நான் அனுமதிப்பதில்லை. தூள் பேரிங்குக்குள் போய்விடும். வேக்குவம் வைத்து உறிஞ்சி, ஐசோபுரொபைல் ஆல்கஹால் நனைத்த நூல் பிரியாத துணியால் துடைத்து, பள்ளங்களை மூங்கில் குச்சியால் கீறிவிடுகிறோம். எமரித் தாளைக் கிட்டேயே கொண்டுவரக் கூடாது. அல்னிகோ என்ற உலோகக் கலவைக் காந்தம் உள்ள டேக்கோக்களில், சுழலும் பகுதியான ஆர்மேச்சரை வெளியே உருவினால் காந்தபலம் குறைந்துவிடும். பிறகு 7 வோல்ட் என்று எழுதியிருப்பது பெயரளவில்தான் இருக்கும். ஆனாலும் வெப்பத்தைத் தாங்குவதில் அல்னிகோதான் மேல். ஃபெரைட் காந்தத்தின் பலம் ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் ஏறத்தாழ 0.2 சதவீதம் குறையும். ஆகவே 40 டிகிரி சூடேறினால் வோல்டேஜ் 8 சதவீதம் சரியும், டிரைவும் அதை நம்பி மோட்டாரை அந்த அளவுக்கு வேகமாக ஓட்டும். சிஎன்சியில், அச்சு எங்கே நிற்கிறது என்று பார்த்துத் திருத்தும் பொசிஷன் லூப் இதைச் சமாளித்துக்கொள்ளும்; வேகக் கட்டுப்பாடு மட்டுமே உள்ள இயந்திரங்களில் அப்படி நடக்காது.

ரீவைண்டிங்குக்குப் போய்வந்த மோட்டாரைப் பால் ஸ்க்ரூவோடு இணைப்பதற்கு முன், தனியே வைத்து, கரண்ட் லிமிட்டைக் குறைத்து ஓட்டிப் பார்ப்பது எங்கள் பட்டறையில் கட்டாயம். டேக்கோவின் இரண்டு வயர்கள் இடம் மாறியிருந்தால், குறைக்க வேண்டிய நேரத்தில் டிரைவ் இன்னும் முடுக்கும். மோட்டார் கண்மூடித் திறப்பதற்குள் முழு வேகத்துக்குப் போய்விடும். வயர் அறுந்தாலும் இதே கதிதான். டேக்கோ இல்லை என்பதைக் கண்டறிந்து நிற்கும் வசதி இல்லாத டிரைவை வாங்காதீர்கள்.

பிரஷ் இல்லாத ஏசி சர்வோவுக்கு மாறிவிடலாமே என்று பலர் கேட்கிறார்கள். வார்ப்பிரும்புத் தூள் பறக்கும் இடமாக இருந்தால் நானும் அதையே சொல்வேன். எங்களிடம் பிரஷ் மாற்றத் தெரிந்த ஆட்கள் இருக்கிறார்கள், மோட்டார்களும் நன்றாக ஓடுகின்றன. மோட்டார், டிரைவ், கண்ட்ரோலர் மூன்றையும் மாற்றும் செலவுக்கு இப்போது அவசியம் இல்லை. எனக்குள்ள கவலை டேக்கோ பிரஷ் பற்றியதுதான். அது வெள்ளி கலந்த கிராஃபைட்டாக இருக்க வேண்டும். மோட்டார் பிரஷ்ஷை அரத்தால் ராவி அளவுக்குக் கொண்டுவந்து தருகிற கடைகள் உண்டு; அதைப் போட்டால் ஸ்கோப்பில் அன்றே இரைச்சல் தெரியும். சரியான பிரஷ் எங்காவது கிடைத்தால், தேவை இல்லாவிட்டாலும் நாலு செட் வாங்கி அலமாரியில் வைத்துவிடுகிறேன்.