காயவிடுவதா, தண்ணீர் கட்டி வைப்பதா? திருகோணமலை வயலுக்கு எது சரி

தம்பலகாமத்தில் மாமாவின் வயல் கந்தளாய்க் குளத்துத் தண்ணீரில் விளைவது. சிறுபோகத்தில் (கோடைகாலப் போகத்தில்) பயிர் குடலை கட்டும் நேரம் இறங்கி நடந்தால், காலை வைத்த இடத்திலெல்லாம் சேற்றுக்குள்ளிருந்து குமிழி கிளம்பும். மீத்தேன் கலந்த காற்று அது. கண்ணுக்குத் தெரிவது கொஞ்சம்தான். பெரும்பங்கு நெற்தண்டின் உள்ளே இருக்கும் காற்றறைகள் வழியாகச் சத்தமில்லாமல் மேலே போய்விடுகிறது.

தண்ணீர் கட்டிக் கிடக்கும் மண்ணில் ஒட்சிசன் இல்லை. அங்கே வாழும் நுண்ணுயிர்கள் வைக்கோலையும் வேர்க்கழிவையும் தின்று மீத்தேனை விடுகின்றன. மண் சூடேறச் சூடேற அவற்றின் வேலையும் வேகமாகிறது. நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால் ஒரு கிலோ மீத்தேன், காபனீரொட்சைட்டைப்போல ஏறத்தாழ 28 மடங்கு சூடாக்கும். ஆக, வயல் சூட்டைக் கூட்டுகிறது, சூடு வயலின் வாயுவைக் கூட்டுகிறது.

இதை ஏக்கர்க் கணக்கில் அளந்தால் பாதிக்கதைதான் தெரியும். உலக வெப்பநிலை 1 பாகை செல்சியஸ் ஏறினால் நெல் விளைச்சல் சராசரியாக 3.2 சதவீதம் குறையும் என்று 2017இல் வெளியான ஆய்வொன்று கணித்தது. பூக்கும் நாட்களில் வெயில் 35 பாகையைத் தாண்டினால் மகரந்தம் கெட்டுக் கதிர் பதராகிறது. நம்முடைய சிறுபோகம் பூப்பதோ கச்சான் காற்று அனலாக அடிக்கும் மாதங்களில். வயல் விடும் வாயு அதேயளவு இருந்து மூடை குறைந்தாலும், ஒரு கிலோ அரிசிக்கு விழும் வாயு கூடிவிடும். அதனால் நான் முறைகளை ஒப்பிடுவது அந்தக் கிலோக் கணக்கில்தான்.

முதலாவது நாம் பழகிய வழி: விதைத்ததிலிருந்து அறுவடைக்குக் கிட்டும் வரை தண்ணீர் கட்டுவது. நெற்சப்பி, கோரை போன்ற களைகள் அடங்கும், மனதுக்கும் நிம்மதி. ஆனால் மீத்தேன் மிகக் கூடுதலாக வருவது இதில்தான். காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுக் குழுவின் 2019ஆம் ஆண்டுக் கணக்கீட்டில் ஒரே பரப்புக்கு இதன் மீத்தேனை 1 என்று வைத்தால், நடுவில் ஒருமுறை வடித்தால் 0.71, பலமுறை காயவிட்டால் 0.55.

இரண்டாவது அந்தப் பலமுறை காயவிடும் வழி. துளையிட்ட பிளாஸ்டிக் குழாயொன்றை வயலில் புதைத்து, உள்ளே இருக்கும் மண்ணைத் தோண்டி எடுத்துவிட வேண்டும். உள்ளே தெரியும் தண்ணீர் மண்மட்டத்துக்குக் கீழே 15 சென்ரிமீற்றர் இறங்கும்வரை பொறுத்து, பிறகு பாய்ச்ச வேண்டும். மேல் மண் வெடிக்கத் தொடங்குவதைப் பார்த்து மாமா பதறிவிட்டார். "தம்பி, பயிர் செத்திடும்" என்றார். குச்சியை விட்டு எடுத்துக் காட்டினேன், நுனி நனைந்திருந்தது. வேருக்குத் தண்ணீர் எட்டிக்கொண்டுதான் இருந்தது.

இதற்கும் குறைகள் உண்டு. களை கூடும். ஈரமும் காய்வும் மாறி மாறி வரும்போது யூரியாவின் ஒரு பகுதி நைதரசொட்சைட்டாகப் போகும். அது கிலோவுக்குக் கிலோ காபனீரொட்சைட்டின் 273 மடங்கு. காய்ந்த மண்ணில் யூரியாவை வீசி உடனே தண்ணீர் பாய்ச்சினால் யூரியா மண்ணுக்குள் இறங்கிவிடும். பெரும்பாலான வயல்களில் மீத்தேனில் மிச்சமாவது இந்த இழப்பை விடப் பெரியது. ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது: பூப்பதற்கு ஒரு வாரம் முன்னும் ஒரு வாரம் பின்னும் வயலில் 5 சென்ரிமீற்றர் தண்ணீர் நிற்க வேண்டும். கச்சானில் பயிர் தன்னைக் குளிர்த்திக்கொள்ள அதுதான் கைகொடுக்கும்.

மூதூர், கிண்ணியாப் பள்ளக்காணிகளில் பெரும்போகத்துக்கு (மாரிகாலப் போகத்துக்கு) இந்த முறையைச் சொல்வது வீண் பேச்சு. மார்கழி மழையில் வடிக்க எங்கே இடம்? அங்கே கைக்குள் இருப்பது வைக்கோல். உழவுக்குச் சற்று முன்னர் பச்சையாகப் புதைத்தால் அது முழுக்க மீத்தேனுக்குத் தீனி. அதையே தண்ணீர் கட்டுவதற்கு 30 நாளுக்கு மேல் முந்தி, காய்ந்த நிலத்தில் மடக்கி உழுதால், மேலே சொன்ன 2019 கணக்கீட்டின்படி வைக்கோலால் வரும் பாதிப்பு ஏறத்தாழ ஐந்தில் ஒன்றாகிறது. எரிப்பவர்களைக் கண்டால் எனக்கு மனம் வலிக்கிறது. புகையும் போய், மண்ணுக்குப் போக வேண்டிய சத்தும் போகிறது.

மூன்றாவது, புழுதி விதைப்பு. முதல் மழைக்கு முன் விதைப்பதால் தண்ணீர் நிற்கும் நாட்கள் குறைகின்றன, மீத்தேனும் குறைகிறது. மழை பிந்தினால் முளை கருகும். மழை தவறி வரும் இந்தக் காலத்தில் இதை மட்டும் நம்பச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

கந்தளாய், அல்லைத் திட்டக் காணிகளில் சிறுபோகத்துக்குக் காயவிடும் முறையே என் தேர்வு. அதற்கு வாய்க்கால் முறை ஒத்துவர வேண்டும். குழாயில் தண்ணீர் இறங்கிய நாளில் மதகு பூட்டியிருந்தால் எந்தக் கமக்காரரும் அடுத்த தடவை காயவிடத் துணியமாட்டார். போகத்துக்கு முந்திய கூட்டத்தில் தண்ணீர் முறை தீர்மானிக்கும்போதே, பூக்கும் இரண்டு வாரத்துக்குத் தண்ணீரை ஒதுக்கி வையுங்கள் என்று கேட்க வேண்டும். வருகிற கூட்டத்தில் மாமாவே எழும்பிக் கேட்பதாகச் சொல்லியிருக்கிறார்.