பென்ஷன் அப்பீல் போட்டுத் தருகிறேன் என்று வருபவரிடம் ஒரிஜினல் பேப்பர்களைக் கொடுக்காதீர்கள்

எக்ஸ்-சர்வீஸ்மேன் வீடுகளைத் தேடிப் போய் ‘வார் இன்ஜுரி பென்ஷன் வாங்கித் தருகிறேன்’ என்று பேசும் ஓர் ஆள் வேலூர், திருவண்ணாமலைப் பக்கம் சுற்றிக்கொண்டிருக்கிறார். எங்கள் அப்பாவை ஏமாற்றிவிட்டார். பேரைப் போடவில்லை, புகார் போலீஸில் இருக்கிறது.

அப்பா 1987-இல் அமைதிப்படையோடு யாழ்ப்பாணம் போனவர். கண்ணிவெடிச் சில்லு முழங்காலில் பாய்ந்து, இன்றைக்கும் சம்மணம் போட்டு உட்கார முடியாது. ஆனால் சர்வீஸ் முடிந்து வந்தபோது சாதாரண டிஸபிலிட்டி பென்ஷன்தான் போட்டார்கள். அது 100 சதவீத ஊனத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். போர்க்காயம் என்று ஏற்றுக்கொண்டால் 60, ஊனத்தின் அளவுக்குத் தகுந்தபடி குறையும். வெளிநாட்டில் அமைதிப்படையில் இருந்தபோது நடந்த சண்டையில் பட்ட காயமும் போர்க்காயக் கணக்கில்தான் வரும். மாற்றித் தரச் சொல்லி எழுதினோம், சர்வீஸ் ஆவணங்களை வைத்திருக்கும் ராணுவ ரெக்கார்ட் ஆபீஸ் முடியாது என்று லெட்டர் அனுப்பியது. முதல் அப்பீலுக்கு ஆறு மாதம் கெடு.

அப்போதுதான் இந்த ஆள் வந்தார். தானும் ராணுவத்தில் கிளார்க்காக இருந்ததாகச் சொல்லி, அப்பாவோடு இந்தியில் நாலு வார்த்தை பேசியதும் அப்பா நம்பிவிட்டார். முன்பணம், டிஸ்சார்ஜ் புக், பி.பி.ஓ. (பென்ஷன் உத்தரவு), மெடிக்கல் போர்டு பேப்பர் எல்லாம் ஒரிஜினலாகவே கைமாறின. வரும் அரியரில் 30 சதவீதம் தனக்கு என்று முத்திரைத்தாளில் கையெழுத்து, தொகை நிரப்பாத செக் வேறு.

அப்புறம் எப்போது போன் செய்தாலும் ‘ஃபைல் டெல்லியில் இருக்கிறது சார்’. அழுத்திக் கேட்டதும் அப்பீல் நகல் என்று வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினார். முதல் பக்கத்தில் அப்பாவின் ஆர்மி நம்பர் சரியாக இருந்தது. மூன்றாம் பக்கத்தில் சியாச்சினில் பனிக்கடியால் கால்விரல் போனதாக எழுதியிருந்தது. அப்பா சியாச்சின் பக்கமே போனதில்லை, விரல்கள் பத்தும் இருக்கின்றன! 10 ரூபாய் போஸ்டல் ஆர்டர் வைத்து ரெக்கார்ட் ஆபீஸுக்கு ஆர்.டி.ஐ. போட்டோம். இந்த நம்பரில் எந்த அப்பீலும் வரவில்லை என்று பதில் வந்தது.

முன்பணம் போனதைவிட எனக்கு வயிறு எரிவது இதற்குத்தான்: தாமதமாக வரும் பென்ஷன் வழக்குகளில், மனு போட்ட தேதிக்கு முந்தைய மூன்று வருட அரியர்தான் பொதுவாகக் கிடைக்கும். தர்செம் சிங் வழக்கில் 2008-இல் சுப்ரீம் கோர்ட் சொன்னது அது. அதாவது, மனுவைப் போடாமல் அந்த ஆள் உட்கார்ந்திருந்த ஒவ்வொரு மாதத்துக்கும் அப்பாவின் ஒரு மாத அரியர் போய்விட்டது, இனி வராது.

முதல் அப்பீலுக்கு வக்கீல்கூடத் தேவையில்லை, வெள்ளைத்தாளில் எழுதி ரெஜிஸ்டர் தபாலில் அனுப்பலாம். எழுத வராவிட்டால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேளுங்கள். சென்னையில் இருக்கும் ஏ.எஃப்.டி. (ராணுவத்தினர் வழக்குகளுக்கான தீர்ப்பாயம்) வரை போவதாக இருந்தால் நேரடியாக வக்கீலைப் பிடியுங்கள். ஜெயித்தால் இத்தனை சதவீதம் என்று பங்கு கேட்க இந்திய வக்கீல் யாருக்கும் அனுமதி கிடையாது, பார் கவுன்சில் விதியே தடுக்கிறது. கேஸ் போட்டாச்சு என்றால் ஓ.ஏ. நம்பர், அதாவது தீர்ப்பாயம் தரும் வழக்கு எண், கேளுங்கள். ‘20 சதவீத ஊனத்தை 50 ஆக்கித் தருகிறேன்’ என்பவர்களிடமும் ஜாக்கிரதை. அது ராம் அவ்தார் வழக்கில் 2014-இல் வந்த தீர்ப்பால் கிடைப்பது, அவர்களுடைய சாமர்த்தியத்தால் அல்ல.

அப்பாவின் டிஸ்சார்ஜ் புக் இன்னும் அந்த ஆளிடம்தான் இருக்கிறது. மெடிக்கல் போர்டு நகலை ஆர்.டி.ஐ. மூலம் வாங்கி, தாமதத்துக்கான காரணத்தையும் எழுதி, அப்பீலை நாங்களே அனுப்பிவிட்டோம். இதே மாதிரி சியாச்சின் கதை எழுதிய நகல் வேறு யாருக்காவது வந்திருந்தால் எனக்குத் தெரியப்படுத்துங்கள், புகாரோடு சேர்க்க வேண்டும்.