உதகைப் பூங்காவா, கோவை வேளாண் பல்கலைக்கழகப் பூங்காவா?

அன்னூர்ப் பக்கம் உள்ள எங்கள் தோட்டத்தின் வேலியோரம் மரம் நடுவதென்று முடிவானதும், நாற்று வாங்குவதற்கு முன் வளர்ந்து நிற்கும் மரங்களைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று அண்ணன் மகளும் நானும் புறப்பட்டோம். உதகை அரசு தாவரவியல் பூங்கா, கோவையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் பூங்கா ஆகிய இரண்டையும் பார்த்த பிறகு, என் மனம் கோவைப் பக்கமே சாய்ந்துவிட்டது.

உதகையின் சிறப்பை யாரும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. 1848-இல் தொடங்கப்பட்டு, மெக்ஐவர் என்ற தோட்டக்கலை வல்லுநரின் கையில் உருவான அப்பூங்கா, தொட்டபெட்டா மலைச்சரிவில் ஏறத்தாழ 55 ஏக்கரில் அடுக்கடுக்காக ஏறிச் செல்கிறது. இத்தாலியத் தோட்டமும், சுமார் 2 கோடி ஆண்டுப் பழமை சொல்லப்படும் கல்மரமும் அங்கு காணக்கூடியவை. நான் அங்கு சென்றதெல்லாம் மே மாதத்தில்தான் என்பதால், மழைக்கால உதகையைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. கட்டணம், உணவு, நடை ஆகியவற்றில் இரண்டையும் ஒப்பிடுவதில் பெரிய பயன் இல்லை.

என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானித்தது, ஒரே இடத்துக்கு ஆண்டில் எத்தனை முறை போய்வர முடியும் என்பதுதான். பூவை ஒரு நாளில் பார்த்துவிடலாம். மரத்தை அப்படிப் பார்த்துவிட முடியாது. மாசியில் இலையுதிர்த்து நிற்கும் இலுப்பை எவ்வளவு சருகு கொட்டும் என்பதும், சித்திரையில் பொன்சரமாகத் தொங்கிய சரக்கொன்றை பின்னர் எத்தனை நீளக் காய்களைச் சுமந்து நிற்கும் என்பதும், உலர்ந்த வாகைக் காய்கள் காற்றில் ஓயாமல் சலசலப்பதும், வெவ்வேறு மாதங்களில் போனால்தான் தெரியும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடியில் அடிக்கும் காற்றுக்கு எந்த மரம் தாங்குகிறது, எது கிளை முறிகிறது என்பது, வேலியோரம் நடுகிறவர் அறிந்தே ஆக வேண்டிய செய்தி.

உதகைக்கு இப்படி மாதந்தோறும் போய்வர இயலாது. 2024 மே முதல் வாகனங்களுக்கு இ-பாஸ் எடுக்க வேண்டியிருப்பதோடு, மலையேறி இறங்கவே ஒரு முழு நாள் போய்விடுகிறது. அவ்வளவு சிரமப்பட்டுப் பார்த்தாலும், குளிர்நாட்டு மரங்களில் பல நம் சமவெளி வெயிலுக்கு ஒத்துவராதவை. சைதாப்பேட்டையிலிருந்து இடம்பெயர்ந்த வேளாண் கல்லூரி 1971-இல் பல்கலைக்கழகமாக உயர்ந்த இந்தக் கோவை வளாகமோ, நம் தோட்டத்தைப் போலவே மழைமறைவுப் பகுதியில் இருக்கிறது. அதே வெயிலும் அதே காற்றும் பட்டு வளர்ந்த மரங்களைத்தான் இங்கே பார்க்கிறோம். மரங்களுக்கு மட்டும் நேரம் ஒதுக்க விரும்புகிறவர்கள், மலர்க் கண்காட்சி நாட்களைத் தவிர்த்து வார நாளின் காலையில் வருவது நல்லது. கண்காட்சியின்போது கூட்டம் முழுவதும் பூப்பாத்திகளைச் சுற்றியே நிற்கும்.

ஓராண்டில் நான்கு முறை போய்வந்த பிறகு, "சித்தப்பா, வாகையை வீட்டை ஒட்டி வைக்க வேண்டாம், தூங்கவிடாது" என்று பெண் சொன்னாள். மேற்கு வேலிக்கு இலுப்பையும், வாசலில் ஒரே ஒரு சரக்கொன்றையும் என்று முடிவு செய்து, ஐப்பசி மழைக்கு முன் குழி எடுத்தோம்.