கட்டுத்தாரைப் பட்டறை: ஆறு வருடத்தில் தாங்கியதும் தாங்காததும்

கோவை மாவட்டம் கிணத்துக்கடவு பக்கம் எங்கள் வீட்டுக்குப் பின்னால் பொடக்காணியில் மாடு கட்ட இருந்த கட்டுத்தாரையை 2019 கடைசியில் பட்டறையாக மாற்றினேன். மாடுகளை விற்ற பிறகு அங்கே தென்னமட்டையும் ஓட்டை டிரம்மும்தான் கிடந்தன. பட்டறை என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு வைஸ், ஒரு டிரில்லிங் மிஷின், நாலு இஞ்ச் கிரைண்டர், அப்பாரு (தாத்தா) காலத்து இழைப்புளி, ரெண்டு மூன்று உளி, அப்புறம் மோட்டார், பைக், வால்வு வேலைக்கான ஸ்பேனர்கள். இவற்றை அடுக்கி வைக்க நானே செய்த சாமான்களில் எது இன்னும் சுவரில் நிற்கிறது, எது அடுப்புக்குப் போனது என்பதுதான் இந்தப் பதிவு.

முதலில் சொதப்பியதைச் சொல்லிவிடுகிறேன். எட்டடிக்கு நாலடி கமர்ஷியல் பிளைவுட் ஒன்றை ஹாலோ பிளாக் சுவரில் பிளக் அடித்து மாட்டி, ஒவ்வொரு ஸ்பேனரைச் சுற்றியும் மார்க்கரில் உருவம் வரைந்து வைத்தேன். போட்டோவுக்கு அப்படி ஒரு அழகு. மூன்றாம் மாதம் ராத்திரி ரெண்டு மணிக்கு மொத்தமும் தரையில். தென்னை சாய்ந்துவிட்டது என்று அப்பா டார்ச்சை எடுத்துக்கொண்டு தோட்டத்துப் பக்கம் ஓடினார். ஹாலோ பிளாக்கில் முகப்பு ஓரிஞ்சு சொச்சம்தான், அதற்குள்ளே வெறும் பொந்து. பிளக் விரிந்து பிடிக்க அங்கே ஒன்றுமில்லை. இப்போது சுவரின் அந்தப் பக்கம் வரை துளை போட்டு, மரை போட்ட கம்பியை விட்டு, வெளியே இரும்புத் தகடு வைத்து நட்டு முடுக்கியிருக்கிறேன். அசையவில்லை.

அதே பலகை ஆனி, ஆடியில் இன்னொரு பாடம் நடத்தியது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று எங்கள் பக்கம் சாரலையும் சேர்த்தே கொண்டு வரும். கமர்ஷியல் பிளையின் ஓரங்கள் ஊறிய முறுக்கு மாதிரி உப்பி, அடுக்கடுக்காக விரிந்துவிட்டன. அடுத்த முறை ஈரம் தாங்கும் 18 எம்எம் மரைன் பிளை வாங்கினேன். பலகையில் ஐஎஸ் 710 என்று தர முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 303 என்றால் அது சாதாரண வகை. வாங்கியதும் வெட்டிய ஓரங்களில் ரெண்டு கோட்டு பிரைமர் அடித்தேன். நாலு ஆடி தாண்டியும் உப்பவில்லை.

புதுப் பிளையை ஃப்ரெஞ்ச் கிளீட் முறையில் மாட்டினேன். பட்டையை 45 டிகிரி சாய்வாக அறுத்து, ஒரு பாதியைச் சுவரிலும் மறு பாதியைச் சாமான் தாங்கியின் முதுகிலும் பொருத்துவது. எடை ஏற ஏறச் சாய்வு அதைச் சுவரோடு இழுத்துப் பிடிக்கும். தூக்கினால் கையோடு வந்துவிடும். "ஏந்தம்பி, நல்ல பலகையக் கோணலா அறுக்கச் சொல்றீங்களே, இது எதுக்கு ஆகும்?" என்று கேட்ட ஆசாரி, மாட்டிக் காட்டியதும் ஒரு தொங்கு தொங்கிப் பார்த்துவிட்டு, தன் வீட்டுக்கும் ரெண்டு பட்டை அறுத்துக்கொண்டு போனார். சாமான் கூடக் கூட இடம் மாற்றிக்கொள்ளலாம் என்பதுதான் இதில் பெரிய வசதி. மார்க்கர் உருவங்களில் அது நடக்காது. ஸ்பேனர் ஒன்றை மாற்றி வாங்கினாலே பழைய கோடு பேய் மாதிரி நிற்கும்.

ஆனால் என் பட்டறையில் எனக்கு மிகப் பிடித்தது வேறு. சோமனூரில் மாமாவின் தறிக்குடோனில் நாடாத் தறிகளை எடைக்குப் போட்டபோது, நாடாவுக்குள் (தறியில் குறுக்கே ஓடும் ஓடம்) நூல் சுற்றிப் போகும் மரத் தார்க்குச்சிகள் ஒரு சாக்கு மிஞ்சின. நூல் ஓடி ஓடி வழவழப்பான மரம், பிசிறே கிடையாது. குச்சியின் நுனி கொஞ்சம் மேல்நோக்கி நிற்கும்படி பலகையில் துளையைச் சாய்த்துப் போட்டு, அடிப்பக்கத்தைப் பசையோடு இறுக்கிவிட்டால் அருமையான முளை. ஒயர், ஓஸ், ஃபேன் பெல்ட் எதைப் போட்டாலும் மடிப்பு விழுவதில்லை; ஆணியில் தொங்கவிட்ட பெல்ட் ஆணி இருந்த இடத்திலேயே வெடிக்கும். நாற்பது குச்சி அடித்தேன். இதுவரை உடைந்தது ஒன்று, அதுவும் பையன் ஏறி நின்றதால்.

பாட்டில் மூடியை அலமாரியின் அடியில் திருகிவிட்டு, ஆணி, வாஷர் போட்ட பாட்டிலை அதில் மாட்டுவது எல்லோரும் செய்வதுதான். ஒரு ஸ்க்ரூ போட்டால் மூடியும் சேர்ந்து சுற்றும், ரெண்டு போடுங்கள். கண்ணாடி பாட்டில் வேண்டாம். பழைய ஸ்பீக்கர் காந்தத்தில் டிரில் பிட்டுகளை ஒட்டி வைத்திருந்தேன். பிட்டுக்கே காந்தம் ஏறி, இரும்புத் தூளைத் தாடி மாதிரி சேர்த்துக்கொள்கிறது. இப்போது காந்தத்தில் சுத்தியலும் கத்தரியும் மட்டும். சமையல் எண்ணெய் கேனைப் பக்கவாட்டில் வெட்டிய டிராயர்களை முதலில் சீயக்காய் போட்டுக் கழுவ வேண்டும், இல்லையென்றால் ஒட்டடை முழுக்க அதில்தான். வெயில் படும் பக்கம் இருந்தவை ரெண்டே வருடத்தில் நொறுங்கின.

இவ்வளவும் செய்து தீராத ஒரே பிரச்சினை அப்பா. தோட்டத்துக்கு ஸ்பேனர் எடுத்துப் போவார், வால்வைத் திறப்பார், ஸ்பேனர் அங்கேயே. சொல்லிப் பார்த்தேன், போர்டில் எழுதியும் வைத்தேன். "ஏன், நான் என்ன ஒறம்பரைக்கா (உறவுக்காரங்களுக்கா) குடுத்துட்டேன்?" என்பார். சரி, சண்டை எதற்கு என்று 20 லிட்டர் பெயிண்ட் வாளி ஒன்றைத் தோட்டத்துக்கென்றே ஒதுக்கினேன். எங்கள் மோட்டாரிலும் பைப் லைனிலும் இருப்பதெல்லாம் எட்டு, பத்து, பன்னிரண்டு எம்எம் போல்ட்டுகள். அவற்றின் தலைக்கு 13, 17, 19 ஸ்பேனர் போதும். ஆக ரெண்டு பக்கமும் வாயுள்ள 12-13, 16-17, 18-19 ஸ்பேனர்கள், ஒரு பைப் ரெஞ்ச், ஆக்ஸா பிளேடு, டெஃப்ளான் டேப், பிவிசி பசை. வாளிச் சாமான் எல்லாவற்றிலும் பாப்பாவின் சிவப்பு நெயில் பாலிஷ். கலர் டேப் எண்ணெய் பட்டதும் உரிந்துவிட்டது, இது மூன்று வருடமாக நிற்கிறது. சுவரிலிருந்து எடுத்தால் கொக்கியில் திரும்ப மாட்ட வேண்டும். வாளிக்குள் விட்டெறிந்தால் போதும். அப்பாவுக்கு அது சரியாக வந்தது.

போன வாரம் தென்னம்பாத்தி வெட்டும்போது, 2021இல் காணாமல் போன 12-13 மண்வெட்டியில் தட்டுப்பட்டது. அப்பா எதுவும் சொல்லாமல் என்னிடம் நீட்டினார். சீமெண்ணெயில் ஊறவைத்து, வைஸில் பிடித்துத் துரு தேய்த்து, நெயில் பாலிஷ் வைத்து அதையும் அவர் வாளியிலேயே போட்டிருக்கிறேன்.